சக்கரம் உடைந்த செலவு



சென்ற மாதம் ஒரு வாசகி எங்கள் அலுவலகத்துக்கு வந்து, பொலித்தீன் பையில் சுற்றிய கொப்பி ஒன்றை மேசையில் வைத்தார். அவருடைய அப்பப்பா உட்துறைமுக வீதிப் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். மூலைகளைக் கறையான் தின்றுவிட்டது. நடுவில் எழுத்து அப்படியே இருக்கிறது. இடப்பக்கம் பெயர், எதிரே அரிசி, மண்ணெண்ணெய், கருவாடு. தந்து தீர்த்தவர்களின் பெயர்மேல் குறுக்கே ஒரு கோடு. போகப் போகச் சாமான்கள் குறைந்து காசு கூடுகிறது: 'டொக்யார்ட் சம்பளம் வரும்வரை 20', 'சாமத்திய வீட்டுக்கு 50'. பிறகு ஒரு பக்கத்தில், 'வைத்திருக்கத் தந்தது 35'. அந்த வரியைக் கண்டதும் எனக்கு மெய்சிலிர்த்தது. கடைக்காரர் வங்கிக்காரராக மாறிய இடம் அதுதான்.

இந்த இதழைக் குடும்ப வரலாறுகளுக்கு ஒதுக்கியிருக்கிறோம். காரணம் அந்தக் கொப்பி.

கடையிலிருந்து வங்கிக்கு வந்தவர்கள் வேறிடங்களிலும் உண்டு. நம் ஊரான திருகோணமலையின் பெயரைச் சுமக்கும் கப்பல் ஒன்று இங்கிலாந்தில் நிற்பது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தில் கட்டி, 1817இல் கடலில் இறக்கிய 'திரிங்கோமலி' என்ற போர்க்கப்பல் அது. 1987 முதல் ஹார்ட்லிபூல் துறைமுகத்தில் இருக்கிறது, இன்றும் மிதந்தபடி. அங்கிருந்து உள்நாட்டுப் பக்கம் கொஞ்சத் தூரம் போனால் டார்லிங்டன். ஆளிநாரும் கம்பளியும் விற்ற பேக்ஹவுஸ் என்ற குவேக்கர் குடும்பம் 1774இல் வங்கி தொடங்கிய ஊர்.

குவேக்கர்கள் ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்; சத்தியப்பிரமாணம் செய்யமாட்டார்கள். எந்நேரமும் உண்மை பேச வேண்டியவனுக்குத் தனியாக ஒரு சத்தியம் எதற்கு என்பார்கள். அதனாலேயே அரச பதவியும் பல்கலைக்கழகப் பட்டமும் அவர்களுக்கு அடைபட்டன. கையில் மிஞ்சியது வியாபாரம். ஒரே விலை, பேரம் இல்லை. அந்நாளில் கடனை அடைக்காமல் முறிந்துபோனவனைச் சபை கூட்டி விசாரித்து விலக்கிவிடும். இப்படிக் கட்டுப்பட்ட குவேக்கரிடம் நெசவாளி தன் காசைக் கொடுத்து வைத்ததில் வியப்பில்லை.

1819இல் நடந்த கதையொன்றை அந்த ஊரில் இன்றும் சொல்கிறார்கள். ஜொனதன் பேக்ஹவுஸ் முன்னின்ற ரயில் பாதைத் திட்டம், அந்த வட்டாரத்துப் பெருநிலக்காரரான டார்லிங்டன் பிரபுவின் நரி வேட்டைக் காடுகளுக்கு இடைஞ்சலாம். வாடகையைப் பேக்ஹவுஸ் வங்கி வெளியிட்ட நோட்டிலேயே கட்டும்படி குடியானவர்களுக்கு அவர் உத்தரவிட்டார். சேர்ந்த நோட்டையெல்லாம் ஒரே நாளில் நீட்டித் தங்கம் கேட்டால் வங்கி விழுந்துவிடும் என்பது கணக்கு. ஜொனதன் லண்டனுக்கு ஓடித் தங்கத்தோடு திரும்பும் வழியில் வண்டியின் முன்சக்கரம் ஒன்று கழன்றது. நின்று திருத்த நேரமில்லை. தங்கத்தை எல்லாம் பின்பக்கம் தள்ளி, பாரத்தைச் சமன்செய்து, மூன்று சக்கரத்திலேயே ஊர்வந்து சேர்ந்தார். வாய்வழிக் கதை வளர்ந்துகொண்டே போகும் என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆனால் வங்கியின் அந்த வருடத்துக் கணக்கேட்டில் சக்கரம் உடைந்த செலவும் ஒரு வரியாகப் பதிவாகியிருக்கிறது. கதைக்குச் சாட்சி அந்த வரிதான். ரயிலும் 1825இல் ஓடியது.

ஜொனதனின் மனைவி ஹன்னா, நொரிச் நகரத்துக் கர்னி குடும்பத்துப் பெண். அவர்களும் கம்பளி வியாபாரத்திலிருந்து வங்கிக்கு வந்தவர்களே. இரு குடும்பத்து வங்கிகளும் 1896இல் பார்க்ளேஸில் கலந்தன. கர்னிகளின் பெயர் தாங்கிய லண்டன் நிறுவனமொன்று 1866இல் முறிந்து பல வீடுகளை அழவைத்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

எனக்குக் குவேக்கர்களிடம் பிடித்தது வேறொன்று. குவேக்கர் கல்யாணத்தில் குருவானவர் இல்லை. மணமக்கள் தாங்களே எழுந்து வாக்குக் கொடுப்பார்கள். பிறகு அந்த வாக்கை எழுதிய பத்திரத்தில் வந்திருந்த எல்லோரும் கையெழுத்திடுவார்கள். அப்படியொரு தாள் கிடைத்தால் அன்றைக்குச் சபையில் இருந்த சொந்தபந்தம் முழுவதும் கிடைத்துவிடும். நகரத்தார் என்ற நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கல்யாணத்தில் எழுதும் இசைபிடிமானம் என்ற பத்திரம் நினைவுக்கு வருகிறதா? ஒரு காலத்தில் உப்பு விற்று, பின்பு கொழும்பு செட்டியார் தெருவிலும் ரங்கூன் முகல் தெருவிலும் வட்டிக்கடை நடத்திய அந்தச் சமூகமும் கல்யாணத்தை எழுத்தில் நிறுத்தியது. எந்தக் கோயில், எந்தப் பிரிவு என்று ஒன்பது நகரக் கோயில்களோடு பிணைத்து வைத்தது. கடன் கொடுப்பவனுக்கு ஆளைத் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் இரண்டு கூட்டத்தாரும் இப்படி எழுதி வைத்தார்கள் என்று நான் நினைக்கிறேன்.

நம் பக்கத்தில் மீனவர்களுக்கு முற்பணம் கொடுத்த சம்மாட்டியும், கொப்பிக் கடன் கொடுத்த கடைக்காரரும் எழுதாமலா இருந்தார்கள்? எழுதினார்கள். 1983 இனக்கலவரத்தில் எரிந்தது கொஞ்சம், 1990 போரில் விட்டுவிட்டு ஓடியது கொஞ்சம், 2004 மார்கழிச் சுனாமியில் கடல் கொண்டுபோனது கொஞ்சம். மிஞ்சியதைப் பழைய கடதாசிக்காரனுக்கு நிறுத்துப் போட்டுவிடாதீர்கள். அட்டை கிழிந்திருந்தாலும், எழுத்து விளங்காவிட்டாலும் எங்களிடம் கொண்டுவாருங்கள். படம்பிடித்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தருகிறோம்.

அந்த வாசகி கொப்பியைக் கொண்டுவந்தது நமக்காக அல்ல. 'வைத்திருக்கத் தந்தது 35' என்ற வரியில் இருக்கும் பெயருக்கு உரிய குடும்பத்தைக் கண்டுபிடித்துத் தர முடியுமா என்று கேட்கத்தான் வந்தார். அந்தப் பெயர்மேல் இன்னும் கோடு இழுக்கப்படவில்லை.

அன்புடன்,
ஆசிரியர்