பொம்மையைத் திருப்பிப் பாருங்கள்

கையும் இல்லை, காலும் இல்லை. உருண்டைத் தலை, உருளை உடம்பு, முகத்தில் நாலைந்து தூரிகைக் கோடுகள். ஜப்பானின் ‘கொகேஷி’ மரப்பொம்மை அவ்வளவுதான். வடகிழக்கே தோஹோகு பகுதியின் வெந்நீர் ஊற்றுகளில் நீராட வந்தவர்களுக்காக அங்கிருந்த கடைசல்காரர்கள் செய்து விற்றது இது. ஊருக்கு ஊர் பாணி உண்டு. நருகோ ஊர்ப் பொம்மையின் தலையைத் திருகினால் ‘கீச்’சென்று சத்தம் வரும். குருவிடம் கற்ற முகத்தையும் பூவையும் சீடர் பெரிதாக மாற்றுவதில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சிலர் அந்த வரம்பை விட்டு வெளியே வந்தார்கள். அவர்கள் செய்தவற்றுக்கு ‘சோசாகு கொகேஷி’, அதாவது படைப்புக் கொகேஷி, என்று பெயர். தோஹோகுவுக்குத் தெற்கே உள்ள கும்மா மாகாணம் இதன் தாயகமானது. அங்கே உசபுரோ பட்டறை 1950இல் தொடங்கியது.

அதே கும்மாவைச் சேர்ந்தவர் வதனபே மசாவோ. 1917இல் பிறந்தவர். பொம்மை சேகரிப்பவர்களுக்கு நன்கு தெரிந்த பெயர். அந்த வட்டத்துக்கு வெளியே அநேகமாக யாருக்கும் தெரியாது. அவருடைய தலைமுறைக் கலைஞர்கள் மரத்தையே பேசவிட்டார்கள். கெயாகி மரத்தின் ரேகைகளே ஆடையின் மடிப்பாகிவிடும். முகத்துக்கு வெளிர்நிற மிசுகி மரம். அதை வெட்டியவுடன் கடைய முடியாது. மாதக்கணக்கில் உலரவிட வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். இத்தனைக்கும் பிறகு கண்ணுக்கு ஒரே இழுப்பு. கை நடுங்கினால் போயிற்று, அழித்து எழுத வழியில்லை.

பொம்மையைக் கவிழ்த்தால் அடியில் செய்தவரின் கையெழுத்து இருக்கும். பரம்பரையின் நிழல் இல்லாதவருக்கு அதுதான் முகவரி. ஆனால் இன்று உலகெங்கும் பழம்பொருள் கடைகளிலும் இணைய ஏலங்களிலும் இவை வெறும் ‘ஜப்பானியப் பொம்மை’யாகக் கைமாறுகின்றன. கையெழுத்து பளிச்சென்று தெரியும்போதே ‘செய்தவர் யாரென்று தெரியாது’ என்று எழுதிவிடுகிறார்கள். இது அநியாயம். ஓவியத்தின் மூலையில் உள்ள பெயரைப் படிக்காமல் எந்த ஏலக்காரராவது அதை விற்பாரா? கடைசல் பட்டறையில் பிறந்தது என்பதற்காக ஒரு சிற்பத்துக்கு மட்டும் ஏன் இந்த அலட்சியம்?

விற்பவர்கள் முகத்தை நான்கு கோணங்களில் படமெடுக்கிறார்கள். அடிப்பாகத்தையும் ஒரு படம் எடுத்துப் போடட்டும். ஜப்பானிய எழுத்து படிக்கத் தெரிந்த யாராவது ஒருவர் பார்த்துச் சொல்லிவிடுவார்.