விலை குறைகிறது, செலவு ஏன் குறையவில்லை?



"பத்து நிமிடத்தில் வாசலில் மளிகை! கடையை விடக் குறைந்த விலை!" என்ற விளம்பரத்தைப் பார்க்காதவர்கள் நம்மில் யார்? பிளிங்கிட், செப்டோ, இன்ஸ்டாமார்ட், பிக்பாஸ்கெட் என்று ஒவ்வொரு இளைஞனின் செல்போனிலும் நாலு கடைகள் திறந்து கிடக்கின்றன. ஷட்டர் இல்லாத கடைகள். இரவில் கூடப் பூட்டாத கடைகள்.

"எங்கள் வீட்டுச் செலவு குறைந்துவிட்டது" என்கிறான் இளைஞன். "எங்கள் வயிற்றில் அடிக்கிறார்கள்" என்று குமுறுகிறார் அதே தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் பாய். யார் சொல்வது உண்மை? ஆத்திரப்படாமல், கணக்கைக் கையில் எடுத்துப் பார்ப்போம்.

இது அற்ப விஷயமல்ல. மத்திய அரசின் 2023-24ஆம் ஆண்டு குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி, கிராமத்துக் குடும்பம் செலவழிக்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சுமார் 47 ரூபாய் உணவுக்கே போகிறது. நகரத்தில் சுமார் 40 ரூபாய். ஏழை வீட்டில் இந்தப் பங்கு இன்னும் அதிகம். சாப்பாட்டுச் செலவில் விழும் ஓட்டை, பிள்ளையின் படிப்பிலும் பெற்றோரின் மருந்திலும் விழும் ஓட்டை!

விலை வேறு, செலவு வேறு

சில பொருட்கள் செல்போனில் மலிவாகக் கிடைக்கின்றன என்பது உண்மைதான். அதை மறுப்பவர் மக்களை ஏமாற்றுகிறார். ஆனால் ஒரு பாக்கெட்டின் விலை குறைவதும், மாதக் கடைசியில் வீட்டுச் செலவு குறைவதும் ஒன்றா?

ஓர் உதாரணம் பாருங்கள். மாதம் 8,000 ரூபாய்க்கு மளிகை வாங்கும் குடும்பம். செல்போனில் 5 சதவீதம் மலிவு என்றே வைத்துக்கொள்வோம். மிச்சம் 400 ரூபாய். முன்பு மாதம் ஒருமுறை பட்டியல் போட்டு வாங்கிய இந்தக் குடும்பம், இப்போது பதினைந்து முறை ஆர்டர் செய்கிறது. ஒவ்வொரு முறையும் கையாளும் கட்டணம், சிறு ஆர்டர் கட்டணம் என்று 15 ரூபாய் போனால் மொத்தம் 225 ரூபாய். மீதி 175. அதோடு முடிந்ததா? "இன்னும் 50 ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம்" என்று திரையில் எழுத்து மின்னுகிறது. உடனே ஒரு சிப்ஸ், ஒரு சாக்லேட், ஒரு குளிர்பானம்! பதினைந்து முறைக்கு 750 ரூபாய். ஆக, 400 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போன குடும்பம் 575 ரூபாயைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டு வருகிறது!

இதற்குப் பெயர் சிக்கனமா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்!

தள்ளுபடிக் கணக்கும் இப்படித்தான். எம்.ஆர்.பி.யிலிருந்து 30 சதவீதம் குறைவு என்று சிவப்பு எழுத்தில் போடுகிறார்கள். தெருக்கடையில் சில்லறையாக நிறுத்துத் தரும் துவரம்பருப்புக்கு எம்.ஆர்.பி.யே கிடையாது. அதன் கிலோ விலையையும் தள்ளுபடிக்குப் பிந்திய பாக்கெட்டின் கிலோ விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

வலை விரிக்கப்பட்டிருக்கிறது

ஆன்லைன் நிறுவனங்கள் வாடிக்கையாளரை ஏமாற்றக் கையாளும் தந்திரங்கள் பதின்மூன்றை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் பட்டியலிட்டுத் தடை செய்தது. முதலில் ஒரு விலையைக் காட்டி, பணம் கட்டும் நேரத்தில் கட்டணங்களைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பது அதில் ஒன்று. கேட்காத பொருளைக் கூடைக்குள் நுழைப்பது மற்றொன்று. தடை போடும் அளவுக்குப் போயிருக்கிறது என்றால், இந்தத் தந்திரம் எவ்வளவு பரவியிருக்க வேண்டும்!

இன்னொரு வலை, "பிறகு செலுத்துங்கள்" என்ற ஆசைவார்த்தை. பாய் கடையில் சிட்டையில் எழுதிவிட்டு, சம்பளம் வந்ததும் கொடுத்தோம். பத்து நாள் தாமதமானாலும் அவர் வட்டி கேட்டதுண்டா? செல்போன் கடனில் தேதி தவறினால் அபராதமும் வட்டியும் ஏறும். வட்டியை வெறுக்கும் வீட்டுக்குள், அரிசி மூட்டையின் முதுகில் ஏறி வட்டி நுழைகிறதே, இதைக் கவனித்தீர்களா?

இன்று கொடுப்பார்கள், நாளை?

நஷ்டத்துக்கு விற்று யாராவது தர்மம் செய்வார்களா? செப்டோ நிறுவனம் 2024இல் மட்டும் 100 கோடி டாலருக்கு மேல் முதலீடு திரட்டியது. முதலீடு போட்டவர் லாபத்தோடு திருப்பி எடுக்கத்தான் போட்டிருக்கிறார். அந்த லாபம் எங்கிருந்து வரும்? உங்கள் சமையலறையிலிருந்துதான்!

ஆதாரம் வேண்டுமா? சாப்பாடு கொண்டுவரும் ஜொமேட்டோ 2023 ஆகஸ்டில் ஓர் ஆர்டருக்கு 2 ரூபாய் தளக் கட்டணம் என்று தொடங்கியது. 2025 செப்டம்பரில் அது 12 ரூபாய். இரண்டே ஆண்டில் ஆறு மடங்கு! பிளிங்கிட்டை 2022இல் விலைக்கு வாங்கியதும் இதே ஜொமேட்டோதான். போட்டி சூடாக இருக்கும் நாளில் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வார்கள். போட்டியாளர் ஒழிந்த பிறகு?

அமெரிக்காவைப் பாருங்கள். குழந்தைகளுக்கான டயப்பரை ஆன்லைனில் விற்று முன்னேறிய க்விட்சி என்ற நிறுவனத்தோடு அமேசான் விலைப்போரில் இறங்கியது. தாக்குப்பிடிக்க முடியாத க்விட்சியை 2010இல் அமேசானே வாங்கியது, 2017இல் மூடியது. 2020 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் ஜெஃப் பெசோஸ் இதற்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது. விசாரணை நடந்தது, மூடிய கடை திறக்கவில்லை!

நம் நாட்டில் சட்டம் இல்லையா? இருக்கிறது. அன்னிய முதலீடு பெற்ற ஆன்லைன் சந்தை, பொருளின் விற்பனை விலையில் நேரடியாகவோ மறைமுகமாகவோ தலையிடக் கூடாது என்று மத்திய அரசு 2018 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது. அடிமாட்டு விலைக்கு விற்றுச் சந்தையைப் பிடிக்கிறார்கள் என்று விநியோகஸ்தர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பு 2024இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டது. சட்டத்தை அமல்படுத்துங்கள் என்று கேட்பது பிச்சையல்ல, உரிமை!

வியாபாரிகளே, உங்களுக்கும்தான்!

ஒரு பக்கம் மட்டும் பேசினால் அது நியாயமாகாது. "நம் ஆள் கடையில் வாங்குங்கள்" என்று மேடையில் முழங்கினால் போதுமா? விலைப் பட்டியல் தொங்காத கடை, காலாவதியான பாக்கெட்டை முன்வரிசையில் வைக்கும் கடை, பெண்கள் விலை கேட்டால் முகம் சுளிக்கும் கடை, எடையில் கை வைக்கும் கடை – இவற்றைக் காப்பாற்ற எந்தப் போராட்டமும் உதவாது. அளவையில் மோசடி செய்வோருக்கு வரும் கேட்டை இந்த வாசகர்களுக்கு நாம் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

நாலு கடைக்காரர்கள் சேர்ந்து மண்டியில் மொத்தமாக எடுத்தால் விலை குறையாதா? நேற்று வரை நாலு தெருவுக்குச் சைக்கிளில் சாமான் அனுப்பியது நீங்கள்தானே! அதையே இன்று போனில் பட்டியல் வாங்கி, கட்டணமில்லாமல் செய்யத் தடுப்பது யார்? கருணையால் வரும் வாடிக்கை ஒரு மாதம் நிற்கும். நாணயத்தால் வரும் வாடிக்கை மூன்று தலைமுறை நிற்கும்.

இளைஞனே, இதைச் செய்!

முடியாத முதியவர்களுக்கும், கைக்குழந்தையோடு தனித்திருக்கும் சகோதரிக்கும், கடைக்குப் போய்வர ஆட்டோவுக்கே நூறு ரூபாய் அழுபவர்களுக்கும் வீட்டு வாசலில் பொருள் வருவது உதவிதான். அவர்கள்கூட மாதம் ஒருமுறை, பட்டியல் எழுதி, மொத்தமாக வாங்கினால்தான் ஆதாயம்.

மற்றவர்கள் மூன்று மாதம் ஒரு நோட்டுப் போடுங்கள். ஒரு மாதம் முழுக்கச் செல்போனில் வாங்குங்கள். ஒரு மாதம் முழுக்கத் தெருக்கடையில் வாங்குங்கள். மூன்றாவது மாதம், எது எங்கே மலிவோ அதை அங்கே பட்டியலோடு வாங்குங்கள். பொருளின் விலையோடு கட்டணங்களையும், பட்டியலில் இல்லாமல் வாங்கிய தின்பண்டங்களையும், கடைக்குப் போன பஸ், ஆட்டோ செலவையும் சேர்த்தே எழுதுங்கள். பாக்கெட்டில் ஒரு கிலோ அல்லது ஒரு கிராம் என்ன விலை என்று அச்சிட வேண்டும் என்பது சட்டம்; அதை ஒப்பிடுங்கள். "பிறகு செலுத்துங்கள்" வசதியை இன்றே மூடுங்கள்.

மூன்று மாதம் கழித்து அந்த நோட்டை உங்கள் தாயிடம் கொடுங்கள். மாதக் கடைசியில் வெறும் டப்பாவைத் தட்டிப் பார்த்து வீட்டை நடத்திய அவருக்கு, எந்த விளம்பரத்தையும் விடக் கணக்கு நன்றாகத் தெரியும்!