மொட்டையடிக்கப்படும் நாய்கள்

கொழும்பிலும் அதன் புறநகர்களிலும் கடந்த சில வருடங்களாக விசித்திரமான தோற்றங்கொண்ட நாய்கள் கண்ணிற் படுகின்றன. தலையில் மட்டும் சடை, வாலின் நுனியில் ஒரு குஞ்சம், இடையே இளஞ்சிவப்புத் தோல் தெரிய வழித்தெடுக்கப்பட்ட உடல். ஏதோ புதிய இனம் வந்திறங்கிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். பொமரேனியன், கோல்டன் ரிட்ரீவர், அல்சேஷன், ஹஸ்கி என்று பெருந்தொகைப் பணம் கொடுத்து வாங்கப்பட்டு, வீட்டில் உரோமம் கொட்டுகின்றன என்ற ஒரே குற்றத்துக்காக மொட்டையடிக்கப்பட்ட நாய்கள் இவை. அரசியலும் யுத்தமும் பற்றியே எழுதிப் பழகிய ஒருவன் நாயின் உரோமத்தைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று வாசகர்களில் சிலர் முகஞ்சுழிக்கக்கூடும். சுழிக்கட்டும். வாய்பேச முடியாத ஒரு ஜீவனுக்கு அறியாமையாலும் வியாபாரத்தாலும் இழைக்கப்படும் கொடுமையை எழுதுவதற்கு ஒரு பத்திரிகையாளன் கூச்சப்படவேண்டியதில்லை.

(உரோமம் என்று எழுதுகிறேன். மயிர் என்பதுதான் நல்ல பழந்தமிழ்ச் சொல். அதை வசைச்சொல்லாக்கி அச்சில் ஏற்ற முடியாதபடி செய்துவிட்டோம். அது வேறு கதை.)

நாயின் உரோமம் உதிர்வது நோயல்ல என்பதை முதலில் விளங்கிக்கொள்ளவேண்டும். ஒவ்வொரு உரோமமும் குறிப்பிட்ட காலம் வளர்கிறது. வளர்ச்சி நின்றபின் சிறிதுகாலம் ஓய்வில் இருக்கிறது. பின்னர் பழையது விழ, அதே குழியிலிருந்து புதியது வளர்கிறது. பூடில் போன்ற இனங்களுக்கு வளரும் பருவம் மிக நீண்டது. ஆகவே அவற்றின் உரோமம் மனிதரின் தலைமயிரைப் போல நீண்டுகொண்டே போகும், குறைவாகவே விழும். ஹஸ்கி போன்ற குளிர்தேசத்து இனங்களுக்கோ ஓய்வுப் பருவமே நீண்டது. விழுவதற்குத் தயாரான நிலையில் ஏராளமான உரோமம் எந்நேரமும் அவற்றின் உடலில் இருந்துகொண்டிருக்கும். மிருக வைத்தியரின் மேசையில் ஏற்றிய மறுகணமே பயத்தினால் நாய் கொத்துக்கொத்தாக உரோமத்தைக் கொட்டுவதைக் கண்டவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது.

இந்த உதிர்வின் கால அட்டவணையை வகுப்பதில் வெப்பத்தை விடவும் பகல் வெளிச்சத்தின் நீளத்துக்கே பெரும் பங்கு உண்டு. ரொறன்ரோவில் கோடைகாலத்தின் மிக நீண்ட பகல் 15 மணித்தியாலத்துக்கும் அதிகம். மார்கழியின் மிகக் குறுகிய பகல் 9 மணித்தியாலத்துக்கும் சற்றுக் குறைவு. ஆகையால் அங்குள்ள எமது உறவினர்களின் வீட்டு நாய்கள் இளவேனிலிலும் இலையுதிர்காலத்திலும் மூட்டை மூட்டையாகக் கொட்டிவிட்டு இடையில் ஓரளவு ஓய்ந்திருக்கும். கொழும்பிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணித்தியால வித்தியாசம்கூட இல்லை. போதாக்குறைக்கு இரவு பதினொரு மணிவரை மின்விளக்கு. எந்தப் பருவம் நடக்கிறது என்று அந்த நாயின் உடலுக்கு யார் சொல்வது? அது ஆண்டு முழுவதும் உதிர்த்துக்கொண்டே இருக்கும். "இந்தச் சீசன் முடிந்தால் நின்றுவிடும், சேர்" என்று குட்டி விற்பவர் சொல்வது வெறும் வியாபாரப் பேச்சு.

மொட்டையடிப்பவர்களிடம் ஒரு நியாயம் தயாராக இருக்கிறது. எமது வெயிலில் இவ்வளவு உரோமத்தைச் சுமந்துகொண்டு நாய் எப்படி வாழும், வழித்துவிடுவது அதற்குச் செய்யும் புண்ணியம் அல்லவா என்கிறார்கள். கேட்பதற்கு இரக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால், மனிதனின் உடலை நாயின் உடலாக நினைத்துக்கொள்வதால் வரும் இரக்கம் இது. நாம் உடல் முழுவதாலும் வியர்க்கிறோம். சட்டையைக் கழற்றினால் காற்றுப்பட்டுக் குளிர்கிறது. நாய்க்கு அத்தகைய வியர்வை பாதங்களின் அடியில் மட்டுமே. அது தன் வெப்பத்தைப் பெருமளவு மூச்சிரைப்பின் மூலமே வெளியேற்றுகிறது. மேற்சொன்ன இனங்களுக்கு உரோமம் இரண்டு அடுக்கு. வெளியே சற்றுத் தடித்த நீண்ட உரோமம். உள்ளே பஞ்சு போன்ற மென்மையான உரோமம். உள்ளே சேரும் உதிர்ந்த பஞ்சை வாரி எடுத்துவிட்டால் இடையே காற்று ஊடாடும். வெளியடுக்கு வெயிலும் கொசுவும் தோலை நேரடியாகத் தாக்காமல் தடுக்கும். எமது முன்னோர் ஓலைக்கூரையைப் பிரித்தெறிந்துவிட்டு வீடு குளிர்ச்சியாகிவிட்டது என்று மகிழ்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

வழித்தபின் நடப்பது என்ன? வெளிறிய தோலுள்ள நாய்க்கு வெயிற்கொப்புளம் எழும். பஞ்சு போன்ற உள்ளடுக்கு முந்திக்கொண்டு வளரும், வெளியடுக்கு பின்தங்கும். சில நாய்களுக்கு வழித்த இடத்தில் பல மாதங்களுக்கு உரோமம் முளைப்பதேயில்லை. ஓராண்டுக்கு மேலும் செல்வதுண்டு. இவ்வளவுக்கும் பிறகு உதிர்வது நிற்கிறதா என்றால், அதுவும் இல்லை. நீண்ட உரோமத்துக்குப் பதிலாகக் கட்டை உரோமம் விழும். நீண்டதைத் தும்புத்தடியால் கூட்டி அள்ளலாம். கட்டையோ கதிரை மெத்தையில் ஊசிபோலக் குத்திக்கொண்டு நிற்கும்.

எமது ஒழுங்கையிலுள்ள ஒரு வீட்டில் நான்கு வயதுக் கோல்டன் ரிட்ரீவர் ஒன்று இருந்தது. ஒருநாள் அதனைப் பெயர்பெற்ற கடையொன்றுக்குக் கொண்டுசென்றார்கள். 'கோடைக்கால வெட்டு' என்று விலைப்பட்டியலில் போட்டு, தோல் தெரிய வழித்து அனுப்பிவிட்டார்கள். ஆண்டு முழுவதும் கோடையாகவே இருக்கும் ஊரில் கோடைக்கால வெட்டு! முதுகில் புண். புண்ணுக்கு மருந்து. எட்டு மாதங்கள் கழிந்தும் முதுகின் நடுவில் ஒரு பாய்விரித்தது போல வெறுந்தோல். பார்ப்பதற்கு அழகாக இல்லை என்று வீட்டு அம்மையாரே என்னிடம் சொன்னார். பின்னர் தெரிந்தவர் ஒருவரின் தென்னந்தோட்டத்துக்குக் காவலுக்கென அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகளோடு சோபாவில் படுத்துறங்கிய நாய், தென்னந்தோட்டத்தில் யாரைக் காவல் செய்யும்? அந்தக் கடை இன்றும் நன்றாகத்தான் நடக்கிறது.

எல்லா நாய்களுக்கும் கத்தரிக்கோலே ஆகாது என்று நான் வாதிடவில்லை. பூடில், ஷிட்சு போன்றவற்றுக்கு ஒழுங்காக வெட்டாவிட்டால் சிக்குப் பிடித்துத் தோல் இழுபட்டு வேதனைப்படும். காயத்துக்கும் சத்திரசிகிச்சைக்கும், பிரித்தெடுக்கவே முடியாத சிக்குக்கும் மிருக வைத்தியர் வழிப்பதில் தவறில்லை. எதிர்ப்பது, வீட்டுத் தரையைச் சுத்தமாக வைத்திருப்பதற்காக ஈரடுக்கு உரோமம் உள்ள நாயின் தோலை உரிப்பதைத்தான்.

அடுத்த வாதம் சற்றுக் கனமானது. வீட்டில் ஆஸ்துமாக் குழந்தை இருக்கிறது என்பார்கள். அது அக்கறையோடு அணுகவேண்டிய விடயம். ஆனால் ஒவ்வாமையை உண்டாக்குவது உரோமம் அல்ல. நாயின் உமிழ்நீரிலும் தோற்செதிலிலும் சிறுநீரிலும் உள்ள புரதங்கள். மொட்டை நாய்க்கும் உமிழ்நீர் உண்டு. 'ஒவ்வாமை தராத இனம்' என்று அதிக விலைக்கு விற்கிறார்களே, அமெரிக்காவில் 2011 இல் வெளியான ஆய்வொன்று அத்தகைய நாய்கள் உள்ள வீடுகளையும் மற்ற நாய்கள் உள்ள வீடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தது. ஒவ்வாமைப் புரதத்தின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதனையும் அது காணவில்லை. இந்த வியாபாரத்தின் ஊற்றுக்கண் அவுஸ்திரேலியாவில் இருக்கிறது. 1980களின் இறுதியில் வொலி கொன்றன் என்பவர், ஹவாயிலிருந்த பார்வையற்ற பெண்ணொருவருக்கு, அவரது கணவரின் ஒவ்வாமையைத் தூண்டாத வழிகாட்டி நாய் வேண்டுமென்று லப்ரடோரையும் பூடிலையும் கலந்தார். பிறந்த மூன்று குட்டிகளில் ஒன்றே அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது. அந்த மூன்றில் ஒன்றை மறந்துவிட்டு உலகம் முழுவதும் 'லப்ரடூடில்' விற்றுத்தள்ளினார்கள். தான் தொடக்கிவைத்ததற்காக வருந்துவதாகக் கொன்றனே 2019 இல் பகிரங்கமாகச் சொன்னார். விற்பவர்கள் வருந்தவில்லை.

அப்படியானால் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். விடை சலிப்பூட்டுவது, அதனால்தான் எவரும் அதைக் காசாக்க முடியவில்லை. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் வாரிவிடவேண்டும். முற்றத்தில் வைத்து, உரோமத்தை விலக்கி விலக்கி, சீப்பு உள்ளடுக்கைத் தொடும்படி, ஆனால் தோலைக் கீறாதபடி வாரவேண்டும். மேலால் தடவிவிடுவது வாருவதாகாது. தரையில் விழவிருந்தது சீப்பில் வந்துவிடும். இதிலே எமது நாட்டுக்கு இன்னொரு இலாபமும் உண்டு. காய்ச்சல் நோய்களைக் காவும் உண்ணி, வாரும் கைக்கு முதல்நாளே அகப்பட்டுவிடும். குளிப்பாட்டுவதற்கு முன்னர் வாரிச் சிக்கெடுத்துவிடவேண்டும். நனைந்த சிக்கு இறுகிவிடும். குளித்தபின் உள்ளடுக்கு வரை நன்றாக உலர்த்தவேண்டும். எமது ஈரக்காற்றில் அரைகுறையாக உலர்ந்த உரோமத்துக்கடியில் தோல் வெந்து நாறிப் புண்ணாகும். வீட்டுக்காரர் பாவிக்கும் ஷம்பூ மனிதத் தோலுக்கென ஆனது; நாய்க்கு வேண்டாம். கதிரை மெத்தையில் ஒட்டியதை எடுப்பதற்கு இறப்பர் கையுறையைச் சற்று நனைத்துத் தடவினாலே உருண்டு வந்துவிடும். இதற்கென விற்கும் விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை.

சாப்பாட்டையும் கவனிக்கவேண்டும். உரோமம் என்பது பெரும்பாலும் புரதம். வெறும் சோற்றையும் எஞ்சிய குழம்பையும் பிசைந்து வைத்துவிட்டு, உரோமம் பளபளக்கவில்லை என்று முறையிடுவதில் என்ன நியாயம்? அந்தக் குழம்பிலுள்ள வெங்காயமும் உள்ளியும் நாய்க்கு நஞ்சு. சூடை மீனையோ சாளை மீனையோ முள் நீக்கி, உப்பும் உறைப்புமின்றி அவித்துக் கொடுப்பது, போத்தலில் விற்கும் பல எண்ணெய்களை விட மேலானது.

நோயாக மாறும் உதிர்வும் உண்டு. அதை அடையாளங்காணத் தெரிந்திருக்கவேண்டும். உடலெங்கும் ஒரேசீராக உதிர்ந்து தோல் சுத்தமாக இருந்தால் அது இயல்பு. குட்டி போட்டபின் தாய்நாய் அதிகம் உதிர்ப்பதும் இயல்பே. வட்டவட்டமாக வெறுந்தோல், ஓயாத சொறிச்சல், சிவப்பு, நாற்றம், செதில் என்றால் தெள்ளோ சொறிப்பேனோ பூஞ்சணமோ காரணமாக இருக்கலாம். சொறிச்சல் இல்லாமல் இரண்டு விலாவிலும் ஒன்றுபோல உரோமம் குறைந்து, நாய் கொழுத்துச் சோம்பிக் கிடந்தால் தைரொயிட் சுரப்பியைச் சோதிக்கவேண்டும். இவையெல்லாம் மிருக வைத்தியரின் வேலை. குட்டை பிடித்த நாய்க்குப் பழைய எஞ்சின் ஒயிலைப் பூசும் வழக்கம் எமது ஊர்களில் இன்னமும் இருக்கிறது. கராஜில் வீசுகின்ற கழிவைத் தோலில் தேய்த்தால் நாய் அதை நக்கி உள்ளே எடுக்கிறது. பூச்சி சாவதற்கு முன்னர் நாய் செத்துவிடும்.

இவ்வளவு பாடு எங்களால் படமுடியாது என்பவர்களிடம் எனக்குக் கோபமில்லை. பத்து நிமிடம் இல்லாதவர்கள் நாய் வளர்க்காமல் இருப்பது கண்ணியமான முடிவு. வாங்கியபின் கைவிடுபவர்களிடம்தான் கோபம். 2006 முதல் தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதில்லை என்ற கொள்கை இலங்கையில் இருக்கிறது. நல்ல கொள்கை. ஆனால், கொல்லமாட்டார்கள் என்பதைச் சந்தையடியிலும் கோயிலடியிலும் விகாரையடியிலும் கொண்டுபோய் இறக்கிவிடுவதற்கான அனுமதிப்பத்திரமாகச் சிலர் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அங்கே பிறந்து வளர்ந்த நாட்டுநாய்க்கு அந்தச் சந்தியின் சட்டதிட்டம் தெரியும். சைபீரியாவின் சுக்சி மக்கள் பனியில் வண்டியிழுக்க வளர்த்தெடுத்த ஹஸ்கிக்கு, உச்சிவெயிலில் மீன்சந்தை வாசலில் என்ன தெரியும்?

இப்பத்தியை எழுதப்போவதாகச் சொன்னபோது நண்பரொருவர், உரோமமே உதிர்க்காத நாய் ஒன்றின் பெயரைக் கடைசியிலாவது எழுதிவிடும் என்று கேட்டுக்கொண்டார். நாட்டுநாயும் உதிர்க்கும், பூடிலும் கொஞ்சம் உதிர்க்கும். பெரும்பாலும் உரோமமே இல்லாமல் பிறக்கும் நாயொன்று மெக்சிக்கோவில் இருக்கிறது. வெயிலுக்குப் போகும்போதெல்லாம் அதற்குக் கிறீம் பூசிவிடவேண்டும்.