மாலை போட்டது போதும், ஆள் போடுங்கள்!

குன்றாண்டார்கோவிலுக்குப் போகிறவர்கள் குன்றைக் குடைந்து செய்த கோயிலைப் பார்த்து வாய் பிளக்கிறோம். அதே ஊரில் மின்கம்பத்தில் ஏறுகிறவரை யார் நிமிர்ந்து பார்க்கிறோம்? கரண்ட் போனால்தான் லைன்மேன் ஞாபகம் வருகிறது. அதுவும் திட்டுவதற்கு!

2018 நவம்பர் 16. கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, புதுக்கோட்டை மாவட்டத்தையும் துவைத்துப் போட்டது. டெல்டாவையும் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சாய்ந்தன. மற்ற மாவட்டங்களிலிருந்தும் கேரளாவிலிருந்தும் மின் ஊழியர்கள் ஓடி வந்தார்கள். வயல் சேற்றில் கம்பத்தைத் தோளில் சுமந்தார்கள். நாம் உருகினோம். மாலை போட்டோம்.

அப்புறம்? மறந்தோம்.

மின்வாரியத்தில் பல்லாயிரம் இடங்கள் காலி. இரண்டு பேர் வேலையை ஒருவர் இழுக்கிறார். 2021-ல் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கேங்மேன்களை எடுத்தார்கள், சரி. ஓட்டை அடைபட்டதா? இல்லை. அதே ஆண்டு ‘மின்னகம்’ வந்தது. எந்த நேரமும் போன் போட்டுப் புகார் சொல்லலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் புகாரைக் கேட்க ஆள் போட்டவர்கள், கம்பத்தில் ஏற ஆள் போட வேண்டாமா?

கம்பத்தில் ஏறுமுன் லைன் கிளியர் வாங்க வேண்டும். கம்பியில் மின்சாரம் இல்லை என்று சோதிக்க வேண்டும். எர்த் ராடு மாட்ட வேண்டும். கீழே ஒருவர் நிற்க வேண்டும். இத்தனைக்கும் நேரம் வேண்டும். அந்த நேரத்தில்தான் செல்போன் அலறுகிறது: “என்ன சார், தூங்கிட்டீங்களா?” அவசரத்தில் ஒரு படி தவறினால், அடுத்த நாள் பேப்பரில் நாலு வரிச் செய்தி.

வேலைப் பளு அதிகம், அதை எப்படிச் செய்வது என்று முடிவு செய்யும் உரிமை குறைவு; இந்த இரண்டும் சேர்ந்தால்தான் மனிதன் நொறுங்குகிறான் என்று அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979-லேயே எழுதினார். நம் லைன்மேனுக்கு இரண்டும் உண்டு. உயிர்ப் பயம் இலவச இணைப்பு.

“அவங்க மட்டும் யோக்கியமா? கை நீட்டுறாங்களே!” என்பீர்கள். கை நீட்டுகிறவரைப் பிடித்துக் கொடுங்கள், தாராளமாக. அதற்காக, கை நீட்டாதவரும் சேர்ந்து கம்பத்தில் கருக வேண்டுமா?

மன அழுத்தம் என்றதும் யோகா வகுப்பு நடத்தக் கிளம்பிவிடாதீர்கள். ஒற்றை ஆளாக ராத்திரி கம்பம் ஏறுகிறவருக்கு மூச்சுப் பயிற்சி எதற்கு? கீழே நிற்க இன்னொரு ஆளைக் கொடுங்கள். காலி இடத்தை நிரப்புங்கள். ராத்திரி முழுக்க உழைத்தவரைக் காலையில் வீட்டுக்கு அனுப்புங்கள். “ஆள் இல்லை, ஏற மாட்டேன்” என்று சொல்கிறவருக்கு மெமோ கொடுக்காதீர்கள்.

நமக்கும் ஒரு வேலை உண்டு. வீட்டு ஜெனரேட்டரைத் தாறுமாறாக இணைத்தால், அதன் மின்சாரம் ரிட்டர்ன் சப்ளையாகக் கம்பிக்குப் போய், மேலே இருப்பவரைக் கொல்லும். முதலில் அதைச் சரிபாருங்கள். அடுத்த முறை கரண்ட் போனால், போனை எடுக்குமுன் பத்து நிமிஷம் பொறுங்கள்.

இருட்டில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் நாம் செத்துவிட மாட்டோம். அவசரப்படுத்தினால் அவர் செத்துவிடலாம்.