பிரிட்டிஷ் சர்க்காரின் ஓரவஞ்சனைப் பென்ஷன்!

விலைவாசி ஏறினால் பஞ்சப்படியும் ஏற வேண்டும் என்று பஞ்சாலைத் தொழிலாளிக்கு யாரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை. அரிசி விலை ஏறும்போது கூலி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றால் அது கூலிவெட்டுதான். இந்தச் சின்னக் கணக்கு லண்டனில் ஆட்சி நடத்துகிற கனவான்களுக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் வெளிநாடுகளில் வாழும் சுமார் நாலரை லட்சம் முதியவர்களின் பென்ஷனை வருஷா வருஷம் வெட்டிக் கொண்டிருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். பிரிட்டனில் வேலை செய்பவர்களின் சம்பளத்தில் தேசிய இன்ஷூரன்ஸ் என்று ஒரு சந்தா பிடிக்கிறார்கள். 1946இல் சட்டம் வந்து, 1948 ஜூலை 5 முதல் அமலான ஏற்பாடு. வயதாகி வேலையை விட்டதும், கட்டிய சந்தாவின் கணக்குப்படி வாராவாரம் பென்ஷன். எந்த நாட்டில் குடியிருந்தாலும் அதை வாங்கிக் கொள்ளலாம். இதுவரை நல்லதுதான். ஆனால் ஏப்ரல் தோறும் கொடுக்கிறார்களே ஓர் உயர்வு, அங்கேதான் சூது! பிரிட்டனில் இருந்தால் உயர்வு உண்டு. பிரான்சில் இருந்தால் உண்டு, அமெரிக்காவில் உண்டு, ஜமைக்காவிலும் பிலிப்பைன்ஸிலும் உண்டு. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை, கனடா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, தென்னாப்பிரிக்கா என்றால் கிடையாது! அங்கே போய்ச் சேர்ந்த அன்று என்ன தொகையோ, சாகிற வரைக்கும் அதே தொகை.

கணக்கைப் பாருங்கள். 2000ஆம் ஆண்டில் முழு அடிப்படைப் பென்ஷன் வாரத்துக்கு 67.50 பவுண்டு. 2025 ஏப்ரலில் அது 176.45 பவுண்டு. ஒரே ஆலையில், ஒரே மிஷினில், ஒரே அளவு சந்தா கட்டிய இரண்டு பேர் 2000இல் ஓய்வு பெற்றார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். அங்கேயே தங்கியவருக்கு 176.45. ஊர் திரும்பி ஜலந்தரிலோ யாழ்ப்பாணத்திலோ குடியேறியவருக்கு இன்னமும் 67.50! வாரத்துக்கு 108 பவுண்டுக்கு மேல் துண்டு விழுகிறது. அந்த மனிதருக்கு இப்போது எண்பத்தைந்து, தொண்ணூறு வயது. மருந்துக் கடைக்காரன் 2000ஆம் வருஷத்து விலைக்கா அவருக்கு மாத்திரை கொடுப்பான்?

இதில் ஒரு வேடிக்கை. அந்தக் கிழவர் பேரன் கல்யாணத்துக்காக ஒரு மாதம் பிரிட்டனுக்குப் போனால், அங்கே இருக்கிற நாட்களுக்கு மட்டும் புது விகிதப்படி கேட்டு வாங்கலாம். விமானம் ஏறித் திரும்பிவிட்டால் பழையபடி 67.50. நயாகரா அருவிக்கு இந்தக் கரை அமெரிக்கா, அந்தக் கரை கனடா. இந்தக் கரையில் உயர்வு உண்டு, அந்தக் கரையில் இல்லை. பாக்லாந்து தீவுகள் எங்கள் மண் என்று 1982இல் கப்பல் கப்பலாகப் பட்டாளத்தை அனுப்பிச் சண்டை போட்டார்களே, அங்கே குடியிருக்கும் பென்ஷன்காரருக்கும் உயர்வு இல்லை! மண் மட்டும் வேண்டும் போலிருக்கிறது.

யுத்தம் முடிந்த பிறகு பிரிட்டனில் ஆள் பஞ்சம். பிராட்போர்டு கம்பளி ஆலைகளில் ராத்திரி ஷிப்டுக்கு உள்ளூர்க்காரன் வரத் தயங்கியபோது, பாகிஸ்தானிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் போனவர்கள்தான் அந்த மிஷின்களை ஓட்டினார்கள். பர்மிங்ஹாம் பக்கத்து இரும்பு வார்ப்படப் பட்டறைகளில் பஞ்சாபிகள் வெந்தார்கள். ஆஸ்பத்திரிகளையும் லண்டன் பஸ்களையும் மேற்கிந்தியத் தீவுக்காரர்கள் தாங்கினார்கள். ராத்திரி ஷிப்டு எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். "நீ நாளை ஊருக்குப் போய்விடுவாய், அதனால் சந்தாவில் பாதி போதும்" என்று அவர்களிடம் எவனாவது சொன்னானா? ஒரு பென்னி குறைத்தானா?

நிற வெறியால் மட்டும் நடக்கிறது இது என்று நான் சொல்ல வரவில்லை. உயர்வு இழந்தவர்களில் பெரும்பாலோர் ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் வாழும் வெள்ளைக்காரர்களே. பிழிந்தெடுத்த பிறகு சக்கை எந்த நிறமானால் என்ன என்பதுதான் கணக்கு.

அவர்கள் சொல்லும் சமாதானங்களையும் கேளுங்கள். பணம் இல்லையாம். வெளிநாட்டில் வாழும் கிழவர் பிரிட்டிஷ் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை, அங்கே முதியோர் சலுகை எதையும் வாங்குவதில்லை. அந்த மிச்சத்தை ஏன் எந்த மந்திரியும் வாய் திறந்து சொல்வதில்லை? பரஸ்பர ஒப்பந்தம் உள்ள நாடுகளுக்குத்தான் உயர்வாம். ஒப்பந்தம் போட மறுப்பவர்கள் யார்? ஆஸ்திரேலிய சர்க்கார் கேட்டுக் கேட்டுச் சலித்து, இருந்த சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தத்தையே 2001 மார்ச் 1ஆம் தேதி ரத்துச் செய்தது. அப்போதும் லண்டன் அசையவில்லை.

கோர்ட்டுக்கும் போய்ப் பார்த்தார்கள். தென்னாப்பிரிக்காவில் குடியேறிய ஆனெட் கார்சன் என்ற அம்மையார் வழக்குத் தொடுத்தார். அவருடைய அடிப்படைப் பென்ஷனும் அதே 67.50தான். 2005இல் பிரபுக்கள் சபை நீதிபதிகள் தள்ளினார்கள். 2010 மார்ச்சில் ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டு 11க்கு 6 என்ற கணக்கில் தள்ளியது. பென்ஷன் ஏற்பாடு முக்கியமாக பிரிட்டனில் வாழ்பவர்களுக்காக ஏற்பட்டது, வெளியே வாழ்பவரை அவர்களோடு ஒப்பிட முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அப்படியானால் பிரான்சில் வாழ்பவரை மட்டும் எப்படி ஒப்பிட முடிந்தது? ஆறு நீதிபதிகள் மாறுபட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

பென்ஷன் எஜமான் போடும் பிச்சை அல்ல, செய்த வேலைக்கான பாத்தியதை என்று நம் சுப்ரீம் கோர்ட்டு 1982இல் நகாரா வழக்கில் சொல்லிவிட்டது. சொன்ன நாட்டிலாவது ஒழுங்காக நடக்கிறதா? 1995இல் கொண்டுவந்த தொழிலாளர் பென்ஷன் திட்டத்தில் பஞ்சப்படி என்ற பேச்சே இல்லை. 2014இல் குறைந்தபட்சம் மாதம் 1000 ரூபாய் என்றார்கள். கோயமுத்தூர் ஆலையில் முப்பது வருஷம் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவரும் கடல் தாண்டாமலேயே இதே கதியில்தான் இருக்கிறார்.

இனி டில்லிக்கு வருவோம். 2025 ஜூலை 24ஆம் தேதி இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. அதோடு சேர்த்து இன்னோர் உடன்பாட்டுக்கும் இசைந்தார்கள். கம்பெனிகள் ஒரு நாட்டிலிருந்து மறு நாட்டுக்குத் தற்காலிகமாக அனுப்பும் ஊழியர்களுக்கு இரண்டு இடத்திலும் சந்தா கட்ட வேண்டாம் என்ற உடன்பாடு. கம்பெனிக்கு மிச்சம்! ஊழியருக்கும் கொஞ்சம் மிச்சம்தான், அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் அது சந்தாவைப் பற்றிய உடன்பாடு, பென்ஷன் உயர்வைப் பற்றியது அல்ல. முதலாளிகளின் பாரத்தை இறக்க இரண்டு சர்க்கார்களும் ஒரே மேஜையில் உட்கார முடிந்தது. அதே மேஜையில், சந்தாவை முழுக்கக் கட்டி முடித்து ஊர் திரும்பிய கிழவர்களின் கணக்கையும் வைத்து, ஏப்ரல் உயர்வை இந்தியாவில் இருப்பவருக்கும் கொடு என்று டில்லி சர்க்கார் கேட்கட்டும். விட்டுப்போன வருஷங்களின் பாக்கியையும் சேர்த்தே கேட்கட்டும்.