இரவல் கருவியும் பொதுக் கல்வியும்

நூல்நிலையங்களும் பாடசாலைகளும் இணையவழிச் செய்திப் பரிமாற்றத்தையும் காணொளிக் கூட்டத்தையும் கைக்கொள்ளலாமா என்ற விவாதம் இனிப் பயனற்றது. 2020-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் பாடசாலைக் கதவுகள் அடைபட்டபோதே அவ்விவாதம் முடிந்துவிட்டது. இனி நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. அக்கருவிகள் யாருடையவை? அவற்றின் மறுமுனையில் அமர்ந்து விடை சொல்பவர் யார்?

முதற் கேள்விக்கு அமெரிக்க நூல்நிலையங்களின் அனுபவம் நல்ல பாடமாகும். வாசகர் இணையத்தில் எழுதும் வினாவுக்கு நூலகர் உடனுக்குடன் விடை எழுதும் ஏற்பாட்டை அவை இருபது வருஷங்களுக்கு முன்பே செய்துகொண்டன. மெச்சத் தக்க ஏற்பாடுதான். ஆனால் அவற்றுட் பல, மீபோ என்னும் தனியார் கம்பெனியின் இலவசக் கருவியை நம்பியிருந்தன. 2005-ல் தொடங்கிய அக்கம்பெனியை 2012 ஜூன் மாதத்தில் கூகிள் விலைக்கு வாங்கிற்று. அடுத்த மாதமே அதன் செய்திச் சேவை நிறுத்தப்பட்டது. நூல்நிலையங்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. 1997-ல் பிறந்த ஏ.ஓ.எல். கம்பெனியின் செய்திச் சேவை 2017 டிசம்பரில் மறைந்தது. 2003-ல் தோன்றி உலகெங்கும் பரவிய ஸ்கைப்பும் 2025 மே மாதத்தில் முடிவுற்றது. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே என்று நம் பாட்டிமார் சொல்லிவைத்தது இதற்கே போலும்!

நம் நாட்டில் நடந்ததென்ன? 2020 ஏப்ரலில் ஜூம் கூட்டங்கள் பாதுகாப்பானவையல்லவென்றும், சர்க்கார் காரியங்களுக்கு அதை உபயோகிக்கலாகாதென்றும் மத்திய உள்துறை எச்சரித்தது. எனினும் எத்தனையோ உபாத்தியாயர்கள் அதிலேயே பாடம் நடத்தினர். இலவசக் கூட்டம் 40 நிமிஷத்தில் அறுந்துபோகும். பாதிக் கணக்கு அந்தரத்தில் நிற்கும். அவர்களைக் குறை கூறோம்; வேறு கருவி அவர்கள் கையில் இல்லை. ஆனால் சர்க்கார் காரியத்துக்கு ஆகாதென்ற ஒன்று, குழந்தைகளின் வகுப்புக்கு மட்டும் எப்படி ஆகும்?

சொந்தக் கருவி நம்மால் ஆகுமா, பணத்துக்கு எங்கே போவதென்று சிலர் ஆக்ஷேபிக்கலாம். கனடா தேசத்துக் கார்ல்டன் சர்வகலாசாலையில் 2007-ல் தொடங்கிய பிக்புளூபட்டன் என்னும் வகுப்பறைக் கருவியின் மூலநிரல் அனைவருக்கும் பொதுவானது. எந்தச் சர்க்காரும் அதைத் தன் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம். சென்னையிலே மாநிலத் தரவு மையமும் இருக்கிறது. பணமோ, 1948-ம் வருஷத்துப் பொது நூலகச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு ஜனங்கள் செலுத்திவரும் நூலக வரியே. ஜனங்கள் தந்த பணத்தில் ஜனங்களுக்குச் சொந்தமான கருவி வேண்டுமென்பது பேராசையா?

இரண்டாவது கேள்வியே பெரிது. வாசகரின் காலத்தைக் காப்பாற்றுவது நூலகத்தின் கடமைகளுள் ஒன்றென்று 1931-ல் சென்னையிலிருந்து உலகுக்கு எடுத்துரைத்தவர் எஸ். ஆர். ரங்கநாதன். அக்கடமையைக் கருவி தானாகச் செய்யாது. அறிவும் பொறுமையுமுள்ள நூலகரே செய்வார். விடை சொல்ல ஆளில்லாத இடத்தில் வினாப்பெட்டி வைப்பது, தபால்காரன் வராத தெருவில் தபாற்பெட்டி வைப்பதை ஒக்கும்.

ஆகவே மாவட்ட மைய நூலகந்தோறும் குறித்த வேளைகளில் வாசகர் வினாக்களுக்குத் தமிழில் விடை எழுத நூலகர் ஒருவரை அமர்த்துக. கைப்பேசியில்லாத ஏழை மாணவன் அமர்ந்து வகுப்புக் கேட்கக் கிளை நூலகத்தில் ஒரு கணினி ஒதுக்குக. குழந்தைகளின் பேச்சும் எழுத்தும் கம்பெனிகளின் கணக்கில் ஏறாமல், நம் சொந்தக் கணினியிலேயே தங்குமாறு செய்க. இன்னொரு முறை பாடசாலைக் கதவடைக்க நேர்ந்தால், அன்று இரவல் வாயிலில் காத்து நிற்பவர் நம் குழந்தைகளாக இருத்தலாகாது. அதிகாரிகள் இன்றே கவனிப்பார்களாக.