மீஞ்சூர் உப்புக்கு விதையில் மருந்து உண்டா?

மீஞ்சூர் வட்டாரத்துக் கிணறுகள் உப்பாகிப் போனது புதிய செய்தியல்ல. நிலத்தடியில் கடல் நீர் உள்ளே புகுவது 1969-ஆம் ஆண்டிலேயே இங்கு கண்டறியப்பட்டது. நகரின் குடிநீருக்கும் தொழிற்சாலைகளுக்கும் ஆழ்குழாய்க் கிணறுகளில் ஓயாது இறைத்ததன் பலன் அது. பின்னர் அந்த உப்பு கரையிலிருந்து பத்து கிலோமீட்டருக்கும் அப்பால் சென்றுவிட்டது. 2010-இல் காட்டுப்பள்ளியில், கடல் நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை வந்தது. அந்தத் தண்ணீர் நகரத்துக்குப் போகிறது. நம் வயலுக்கு வருவதும் அதே கடல்தான், சுத்திகரிக்கப்படாமல்!

இந்த நிலையில், உப்பைத் தாங்கும் நெல் வேண்டும் என்று உழவர்கள் கேட்பதில் வியப்பில்லை. அத்தகைய விதைக்கு ஒரு வழி கதிர்வீச்சு. ஆனால் 'அணுக்கதிர் பட்ட விதை' என்றதுமே பலர் முகம் சுளிக்கிறார்கள். அந்த அச்சம் எங்கே நியாயம், எங்கே வீண் என்று பார்ப்போம்.

ஒவ்வொரு உயிரணுவின் உள்ளேயும் குரோமோசோம்கள் என்ற நுண்ணிய இழைகள் உள்ளன. நெல்லுக்கு 24, நிலக்கடலைக்கு 40. பயிரின் உயரம், வயது, மணியின் அளவு ஆகிய எல்லாவற்றுக்கும் உரிய குறிப்புகள் இவற்றில்தான் அடங்கியுள்ளன. கோபால்ட்-60 என்னும் பொருளிலிருந்து வரும் காமாக் கதிர் உயிரணுவினுள் பாயும்போது, சில இடங்களில் இழையை நேராகவே அறுக்கிறது. சில இடங்களில் உள்ளிருக்கும் தண்ணீரை உடைத்து, அதிலிருந்து பிறக்கும் வீரியமான துகள்களால் இழையைச் சிதைக்கிறது. உயிரணு சும்மா இருப்பதில்லை. அறுந்ததை ஒட்டப் பார்க்கிறது. பெரும்பாலும் சரியாக ஒட்டிவிடும். சில சமயம் ஒரு துண்டு வேறோர் இழையில் போய் ஒட்டிக்கொள்ளும். சில துண்டுகள் ஒட்டாமலே நின்றுவிடும். உயிரணு இரண்டாகப் பிரியும் நேரத்தில் அத்தகைய துண்டு எந்தப் பக்கமும் சேராமல் தொலைந்துபோகும். அதோடு அந்த உயிரணுவின் வளர்ச்சியும் நின்றுவிடலாம்.

வேகமாகப் பிரியும் உயிரணுக்களுக்கே அடி அதிகம். அதனால்தான் புற்றுநோய்க்குக் கதிர் வைத்தியம் செய்கிறார்கள். மனிதரின் இரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜை எளிதில் பழுதாவதும் அதனாலேயே. உடல் முழுவதும் 4 அல்லது 5 கிரே அளவு ஒரே சமயத்தில் பட்டால், வைத்தியமின்றி மனிதர் பிழைப்பது அரிது. உலர்ந்த நெல் விதையோ 200, 300 கிரே வரை தாங்கி முளைக்கும். உறங்கும் விதை அல்லவா! ஆயினும் முளைத்த பயிரைப் பார்த்தால் பட்ட அடி தெரியும். நாற்று குட்டையாக நிற்கும், இலையில் வெளுத்த கோடுகள் ஓடும், கதிரில் பாதி பதராகும்.

இந்தச் சேதத்தைத்தான் பயிர்ப் பெருக்க அறிஞர்கள் மூலப்பொருளாக எடுத்துக்கொண்டார்கள். முதல் தலைமுறைப் பயிரில் வேண்டிய குணம் பெரும்பாலும் வெளியே தெரியாது. அதன் விதையை விதைத்து, இரண்டாம் தலைமுறையில் ஆயிரக்கணக்கான செடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேட வேண்டும். மிகப் பல கழிவாகும். ஏதோ ஒன்று தேறும். டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் தந்த நிலக்கடலை ரகங்கள் இந்தத் தேடலில் தொடங்கியவையே. ஈரோடு மஞ்சளை எக்ஸ் கதிருக்கு உட்படுத்தி வந்த கோ-1 மஞ்சளும், மதுரையில் வெளியான எம்.டி.யூ.-1 பாகற்காயும் இவ்வகையே. இவற்றை உண்டவர் யாருக்கும் கதிர் ஒட்டிக்கொள்ளவில்லை. வெயிலில் காய்ந்த நெல் இரவில் வெளிச்சம் தருவதில்லை. காமாக் கதிர் பட்ட விதையும் கதிர் வீசுவதில்லை.

உப்புக்கும் முன்னுதாரணம் உண்டு. நமக்கு நன்கு தெரிந்த ஐ.ஆர்.8 நெல்லிலிருந்து கதிர்வீச்சின் மூலம் 'மோகன்' என்ற உப்பைத் தாங்கும் ரகம் 1980-களில் வெளிவந்தது. அப்படியானால் அதையே இங்கு விதைக்கலாமே என்று கேட்கலாம். இங்கேதான் என் குறை. உப்பு எல்லாம் ஒரே உப்பு அல்ல. திருச்சிப் பக்கத்து நிலங்களில் உள்ளது களர். மண் இறுகி, நீர் இறங்காது. மீஞ்சூரில் உள்ளது கடலின் உவர். களருக்குத் தேர்ந்த ரகம் உவரில் தோற்கலாம். அது போதாதென்று நம் பருவம் வேறு, மழை வேறு. பயிர் நாற்றாக இருக்கும்போதும் பூக்கும்போதும்தான் நெல் உப்புக்கு அதிகம் அஞ்சும். நவரைப் பட்டத்தில் பூக்கும் தருணம் கோடையை நெருங்குகிறது. கிணற்று நீரின் காரமும் அப்போது ஏறுகிறது.

ஆகவே கதிர் பட்ட விதையின் இரண்டாம் தலைமுறையை எங்கே விதைக்கிறார்கள் என்பதே முக்கியம். நல்ல தண்ணீர் பாயும் பண்ணையில் தேடினால் உயரம் குறைந்த நெல் கிடைக்கும், வயது குறைந்த நெல் கிடைக்கும்; உப்பைத் தாங்கும் செடி எது என்று தெரியவே தெரியாது. இந்த மாவட்டத்திலேயே திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம் மக்கள் விரும்பி விதைக்கும் ரகத்துக்கே கதிர் கொடுத்து, அதன் அடுத்த தலைமுறையை மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து உவர் வயல்களில், இந்தக் கிணற்று நீரையே பாய்ச்சி வளர்க்க வேண்டும். பச்சையாக நிற்கும் சில செடிகளை உழவரே காட்டிக் கொடுப்பார். எட்டு, பத்து ஆண்டு பிடிக்கும் வேலை இது. நிலம் தருகிறவருக்கு அந்த வயலின் விளைச்சல் இழப்பை ஈடு செய்தாக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. உப்பைத் தாங்கும் நெல்லும் ஓர் அளவுக்குத்தான் தாங்கும். அந்த ரகம் வந்துவிட்டது என்று சொல்லி இன்னும் ஆழமாக இறைக்க அனுமதி தருவார்களேயானால், விதைக்குப் பட்ட பாடு வீணே. ஆரணியாற்றிலும் கொசஸ்தலையாற்றிலும் வெள்ளத்தைத் தேக்கி நிலத்துக்குள் இறக்கும் வேலை ஒரு பக்கம் நடக்கட்டும். மறு பக்கம், வரும் நவரைக்கு முன்பே சோதனை வயல்களைத் தேர்ந்தெடுக்கட்டும்.